இரண்டு சாண் உயரத்தில் மருதாத்தாள்

1954-ஆம் வருடம் ஆவணி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, முதலமடைக்குக் கிழக்கே இருந்த சைக்கிள் டயர் ஆலையில் ரப்பர்ப் பிசிறு அறுத்துக்கொண்டிருந்த மருதாத்தாள் தரையை விட்டு இரண்டு சாண் மேலே எழும்பினாள். நீராவி அளவு காட்டும் கருவி உடைந்து, நீராவியில் வெந்து வரவேண்டிய டயர்கள் பாதி வேகாமலும் பாதி கருகியும் வந்துகொண்டிருந்த வாரம் அது. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஆலையைப் பூட்டிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். முப்பத்தோரு குடும்பங்களுக்கு அந்தக் கவலை இருந்ததால் அவள் மிதந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அவளும் முதலில் சேலையைத்தான் இழுத்துச் செருகினாள். பிறகு, பத்து வருட இடுப்புவலி காணாமல் போயிருப்பது தெரிந்து சிரித்தாள்.

கல்பாத்திக்காரரான இன்ஜினியர் சாம்பசிவன் மட்டும் அளவுகோலை எடுத்தார். நீராவி ஏறினால் அவள் உயர்ந்தாள், குறைந்தால் இறங்கினாள். இரண்டு சாணில் நின்றபோது வெந்த டயர்கள் பழுதில்லாமல் வந்தன. "அசையாதேங்கோ அம்மா, இனிமே அந்தக் கருவிக்கு நீங்கதான் முள்ளு" என்று, அவள் இடுப்புக்கும் நீராவி வால்வுக்கும் கயிறு கட்டப் போனார்.

"கட்டறதுக்கு நானென்ன எருமைங்களா? கையில குடுங்க, புடிச்சுக்கறேன்."

அவள் உயர்ந்தால் கயிறு இழுத்து வால்வு மூடும், இறங்கினால் திறக்கும். ஆனால் புதன்கிழமை வால்வு ஒரேயடியாக மூடியது, அவள் பொத்தென்று விழுந்தாள். ஒரேயடியாகத் திறந்தது, தலை கூரையில் இடித்தது. மத்தியானம்வரை இதே கதை.

"ஏனுங்க, தூரி கட்டி ஊஞ்சலாட்டவா வெச்சீங்க? கிறுகிறுங்குது!"

சாம்பசிவன் வெட்கப்பட்டு யோசித்தார். ஓட்டை போட்ட தகடொன்றைக் கயிற்றில் கோத்து, விளக்கெண்ணெய் நிரப்பிய டின்னுக்குள் தொங்கவிட்டார். எண்ணெய் கயிற்றின் அவசரத்தைத் தடுத்தது. மருதாத்தாள் இரண்டு சாணில் அசையாமல் நின்று வெற்றிலை மடித்தாள். சனிக்கிழமை முதலாளி டயர்களை வளைத்தார், முறுக்கினார், கொண்டுவந்த பூட்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

1958-இல் கண்ணாடிக் கதவு வைத்த புதுக் கருவி கப்பலில் வந்தது. தன் வேலை முடிந்ததென்று மருதாத்தாள் வெற்றிலைப் பையை எடுத்து இடுப்பில் செருகினாள். சாம்பசிவன் கருவியின் கணக்கில் ஒரு டயரும் அவள் கணக்கில் ஒரு டயரும் வேகவைத்து, இரண்டையும் அறுத்தார். கருவியின் டயர் உள்ளே கருகியிருந்தது. அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அவள் நின்ற உயரத்துக்குச் சரியாக முள்ளைத் திருப்பிவைத்தார். மாதம் ஒருமுறை அப்படித் திருத்துவது வழக்கமாயிற்று. அடுத்த மாதம் சோதனைக்கு வந்த பாய்லர் அதிகாரி, படிவத்தில் 'அளவுக்கு ஆதாரம்' என்ற இடத்தில் "மருதாத்தாள், வயது நாற்பத்தாறு" என்று எழுதி, மை உலர ஊதிவிட்டு, கொல்லங்கோட்டுக்கு பஸ் ஏறினார்.