தூங்குமூஞ்சிக்குக் கிடைத்த பாராட்டு

எங்கள் அரசுப் பள்ளியில் அறிவியலுக்கு இருவர். ஒருவர் பல வருடமாக இங்கேயே இருப்பவர், பிள்ளைகள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. வகுப்புக்குள் வந்ததும் மேஜையில் தலை சாய்ப்பார், மணி அடித்தால்தான் நிமிர்வார். தலைமையாசிரியர் விளக்கம் கேட்டால் ஆசிரியர் சங்கத்தோடு வந்து நிற்பார். இன்னொருவர் புது டீச்சர். வந்து மூன்று வருடமாகியும் அந்தப் பெயர் மாறவில்லை. அவருக்கு முன்னால் அந்த இடத்துக்கு வந்த யாரும் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடித்ததில்லை.

அவர் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். கிளம்பும்போதும் குழந்தை தூங்கும், திரும்பும்போதும் தூங்கும்.

"அவ என்னை அம்மான்னு நினைக்கிறாளா, கனவுன்னு நினைக்கிறாளான்னே தெரியலக்கா" என்பார் என்னிடம்.

அவர் வீட்டுத் தெருவிலேயே இருந்த பள்ளியில் ஓர் இடம் காலியானது. புது டீச்சர் மாறுதல் கேட்டார். எங்கள் தலைமையாசிரியர் தூங்குமூஞ்சியையும் தூண்டிவிட்டுக் கேட்க வைத்தார். இருவரில் யாரைக் கேட்டு வாங்கலாம் என்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் விசாரித்துப் போன் செய்தபோது, ஓவிய வகுப்புக்கு வண்ணம் வாங்கக் கையெழுத்து கேட்டு நான் எங்கள் தலைமையாசிரியர் எதிரில் நின்றிருந்தேன்.

"அவரா? தங்கமான மனுஷன் சார். அவர் கிளாஸ்ல சத்தமே வராது." அது பொய்யில்லை. "அந்தம்மாவா... நான் சொல்லக் கூடாது. பசங்களைக் கிளப்பி விட்டுருவாங்க. உங்களுக்கு எதுக்கு சார் தலைவலி?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா முழிக்கிறீங்க? நல்லா நடத்துறவங்களை அனுப்பிட்டு பத்தாம் வகுப்புக்கு நானா பாடம் எடுக்கிறது? கழிச்சுக்கட்ட வேண்டிய ஆளை மெச்சித்தான் அனுப்பணும்."

"அவங்களுக்குக் கைக்குழந்தை சார்."

"வளந்துரும்."

கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். அதைத் தொடவே எனக்குக் கூசியது.

மறுவாரம் உத்தரவு வந்தது, புது டீச்சருக்கு. தலைமையாசிரியர் முகம் வெளிறி, புது டீச்சரும் நானும் இருந்த ஆசிரியர் அறையிலிருந்தே அந்தப் பள்ளித் தலைமையாசிரியரைப் போனில் கூப்பிட்டார். பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"நான் அவ்வளவு சொன்னேனே சார்?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "நானும் ஹெட்மாஸ்டர்தானே. போன வருஷம் இப்படி ஒரு தங்கத்தை நானே ஒருத்தர் தலையில கட்டினேன். நீங்க திட்டினவங்கதான் எனக்கு வேணும்."

புது டீச்சர் பையை எடுத்துக்கொண்டார். "இவர் என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லியிருந்தா இங்கேயே கிடந்திருப்பேன் இல்லக்கா?" சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

திங்கட்கிழமை பத்தாம் வகுப்பைத் தாண்டிப் போனேன். கரும்பலகையில் புது டீச்சர் பாதி வரைந்துவிட்டுப் போன இதயம் அப்படியே இருந்தது. அதன் கீழே தூங்குமூஞ்சியின் எச்சில் அறிவியல் புத்தகத்தில் வழிந்துகொண்டிருந்தது. நாற்பது பிள்ளைகள் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே வரவில்லை.