கீழ்வீட்டுத் தங்கச்சி

நோட்டீஸ் ஒட்ட வந்தவனுக்கு அந்த கேட்டில் வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்தில் ‘பெண்களுக்குப் பெண்ணே கற்றுத்தரும் கார் ஓட்டுநர் பயிற்சி’ என்று பளிச்சென்று எழுதியிருந்ததற்கு நட்டநடுவே, பசையை வாரி அப்பி ஒட்டிவிட்டுப் போயிருந்தான். காலை வகுப்பை முடித்துவிட்டு வந்தவள், காரை உள்ளே விடக்கூட இல்லை, இறங்கிப் போய் நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். பலகை அவள் சொந்தக் காசில் செய்தது. எழுத்து எழுதியவனோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி, ‘ஓ’வின் சுழி வரை சரிபார்த்து வாங்கியது. அதன்மேல் பசை தடவியவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் நோட்டீஸில் என்ன இருக்கிறது என்றே படித்தாள். படித்ததும் திட்டு நின்றுவிட்டது.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர், அதாவது அச்சகக்காரர், வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்குத் தவணை கட்டவில்லை. வீடு வங்கியின் கைக்குப் போகிறது. ஏலம் விடப்போகிறார்கள். வீட்டில் இருக்கும் அனைவரும் காலி செய்ய வேண்டும். அனைவரும் என்ற சொல்லில் கீழ்வீட்டில் இருந்த அவளும் அவள் மகளும் அடக்கம்.

தெருவில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷனோடு இனி சரிப்படாது என்று தெரிந்த அன்றைக்கே ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மகளுமாக இந்தக் கீழ்வீட்டுக்கு வந்தவள். அரைப் பழசான காரை வாங்கி, தன் பக்கத்துக்கும் ஒரு பிரேக் பொருத்தி, இதே முகவரியில் பயிற்சிப் பள்ளிக்கு லைசென்ஸ் எடுத்தாள். எத்தனையோ ஆபீஸ் படி ஏறி இறங்கி வாங்கிய லைசென்ஸ் அது. முகவரி மாறினால் மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், கைக்கு வரும்வரை வண்டியை எடுக்கவே கூடாது. வீடு போனால் தொழிலும் போனது மாதிரிதான். அந்தத் தெருவில் இன்று ஸ்டியரிங் பிடிக்கும் பெண்களில் பாதிப்பேர் அவள் தயாரிப்பு. சந்திப்பில் யாராவது அழகாக ரிவர்ஸ் எடுத்தால், அது தன் கைவேலை என்று அவள் பக்கத்தில் நிற்பவரிடம் வாய்விட்டே சொல்லிக்கொள்வாள். பெருமை அடித்துக்கொள்வதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது.

மாடிக்குப் போனாள். அச்சகக்காரரின் மனைவி கதவைத் திறந்துவிட்டு, உள்ளே கண்ணைக் காட்டினாள். அச்சகக்காரர் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, அச்சகத்துக்குக் கிளம்புகிற மனுஷனைப் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அச்சகம் பூட்டிக் கிடப்பது ஊருக்கே தெரியும்.

“அண்ணே, கேட்ல என்ன ஒட்டியிருக்காங்கன்னு பார்த்தீங்களா?”

“பார்த்தேன். கீழ போ. நான் பார்த்துக்கறேன்.”

“என்னத்தைப் பார்த்துக்குவீங்க?”

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். படியில் இறங்கும்போது அவர் மனைவி பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினாள். “பேங்க்லேர்ந்து வர்ற கடுதாசி ஒண்ணையும் பிரிக்கிறதில்ல. யாரையும் போய்ப் பார்க்க மாட்டேங்கறார். பார்சல் கம்பெனியில வேன் ஓட்ட ஆள் கேட்டாங்க, இவருக்குத் தெரிஞ்சவங்கதான். வண்டி ஓட்டத் தெரியாதுன்னு சொல்ல மானம் போகுதாம். நீயாவது கத்துக்குடேன்.”

கற்றுத்தருகிறேன் என்று அவள் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள். “எனக்குக் கால் இருக்கு, நடந்து போவேன்” என்று ஒரே பதில்தான். தன்னைவிடச் சின்னவளிடம், அதுவும் தலையில் ‘எல்’ போர்டு வைத்த வண்டியில், தெரு பார்க்க உட்கார்ந்து கற்றுக்கொள்வதாவது!

மறுநாள் அவள் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனாள். வக்கீலம்மா சின்ன வயசுக்காரி. அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“கடன் வாங்கறதுக்கு முன்னாடியே நீங்க குடி வந்துட்டீங்க, அப்படித்தானே? அப்ப வீடு யார் கைக்குப் போனாலும் உங்க ஒப்பந்தம் முடியற வரைக்கும் வெளிய அனுப்பக் கூடாதுன்னு கேட்கலாம். நல்ல கேஸ். உங்க ஓனருக்கும் வழி இருக்கு. ஏலத்துக்கு விட்டா அடிமாட்டு விலைக்குப் போகும். அவகாசம் வாங்கிட்டு அவரே வித்தா கடனையும் அடைக்கலாம், கையிலயும் கொஞ்சம் நிக்கும். ஆனா விசாரணைக்கு வந்து வாயைத் திறந்து கேட்கணும். கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருந்தா யாரும் வந்து குடுக்க மாட்டாங்க.”

அவளுக்கு மூச்சு வந்தது. வக்கீலம்மா அவள் பேரில் கடன் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, அடுத்த வாரத்துக்குள் வங்கியோடும் பேசிவிட்டுப் போனில் கூப்பிட்டாள். வந்த மூச்சு திரும்பவும் நின்றது.

“வாடகைக்கு ஆளே இல்லைங்கறாங்க. கீழ்வீட்டுல இருக்கறது கடன் வாங்கினவரோட கூடப்பிறந்த தங்கச்சியாம். அப்பவே வந்து பார்த்து எழுதியிருக்காங்களாம். என்னங்க இது?”

அது என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கடனுக்காக வீட்டை மதிப்புப் போட ஆள் வந்த அன்று காலையில், அதுவரை ‘வாங்க, போங்க’ என்பதற்கு மேல் அவளிடம் பேசியிராத அச்சகக்காரர் வாசலில் வந்து நின்று, எச்சில் விழுங்கி, “ஒரு அரை மணி நேரம் நீங்க என் தங்கச்சியா இருக்கணும்” என்றார். வாடகைக்கு ஆள் இருந்தால் கடன் குறையும், இழுத்தடிப்பார்கள் என்று தரகர் பயமுறுத்தியிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வந்தவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அதோடு விட்டாளா? “அண்ணன் நல்லாப் பார்த்துக்கறாராம்மா?” என்று அவர் கேட்டதற்கு, “எங்க சார், சின்ன வயசுல ஒரு மிட்டாய் வாங்கித் தந்ததில்ல, மகா கஞ்சன்” என்று ஒரு போடு போட்டாள். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அரை மணி நேரம் முடிந்தது. ஆனால் சாயங்காலம் மோட்டாரைப் போட்டுவிட்டு அவர் மேலிருந்து “தங்கச்சி, தண்ணி வருதா பாரு” என்று குரல் கொடுத்தபோது, இவள் வாயில் ‘சார்’ வரவில்லை. “வருது அண்ணே” என்றாள். அதன்பின் அது மாறவே இல்லை. கூடப்பிறந்தவர்களைப் போலவே தண்ணீருக்கும் குப்பைக்கும் சண்டை போட்டார்கள். புருஷன் வீட்டார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் கத்தினபோது, அவர் மாடிப்படி இறங்கி வந்து கேட்டின்மேல் கையை ஊன்றி நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. நின்றார், அவ்வளவுதான். வந்தவர்கள் கொஞ்ச நேரம் கத்திவிட்டுப் போனார்கள். சொந்த அண்ணன்கள் இரண்டு பேர் இருந்தும் அன்றைக்கு ஒருவரும் வரவில்லை, அவளுக்கு அந்தக் கை போதுமாக இருந்தது.

“அவர் பொய் சொன்னாருன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா உங்க பக்கம் ஜெயிச்சிடும்” என்றாள் போனில் வக்கீலம்மா.

“அவர் கேட்கற அவகாசம்?”

“பேங்கை ஏமாத்தினவருக்கு எப்படித் தருவாங்க? கஷ்டந்தான்.”

“அப்ப எழுதித் தர மாட்டேன். மனு போட்டது போட்டபடி கிடக்கட்டும், நான் வேற இடம் பார்த்துக்கறேன்.”

சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. போனை வைத்ததும் கண் சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸுக்குப் போனது. அருகில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். “லைசென்ஸ் என்னம்மா ஆகும்?” என்றாள். “உன் வேலையைப் பாரு” என்று அவள் மேல் எரிந்து விழுந்துவிட்டு மாடிக்குப் போனாள். தன் விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவகாசம், விற்பனை, விசாரணை என்று வக்கீலம்மா சொன்ன வழியை மட்டும் அவரிடம் ஒப்பித்தாள். அவர் வழக்கம்போல, “பார்த்துக்கறேன்” என்றார்.

“இந்தப் பார்த்துக்கறேனைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. வரலைன்னா உங்களைத் தூக்கி என் கார் டிக்கியில போட்டுக் கொண்டு போவேன். சொல்லிட்டேன்.”

விசாரணை நாளன்று அவர் டிக்கியில் வரவில்லை. காரிலும் வரவில்லை. துவைத்துத் தேய்த்த சட்டையோடு, அவளுக்கு முன்னாலேயே பஸ் பிடித்து வந்து, விசாரணை அறையின் வரிசை நாற்காலிகளில் கடைசியில் உட்கார்ந்திருந்தார். தலைக்குமேல் மின்விசிறி கிறீச்சிட்டது. விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். அச்சகக்காரர் கையோடு எழுதிக் கொண்டுவந்து கொடுத்திருந்த கோரிக்கை முதலில் வந்தது. தானே வீட்டை விற்றுக் கடனை அடைக்க அவகாசம் வேண்டும். அதிகாரி தலையாட்டினார், முகம் சுளிக்கவில்லை. நல்ல சகுனம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் முறை. வங்கி வக்கீல் எழுந்து, கீழ்வீட்டில் இருப்பவர் கடன்தாரரின் தங்கை, குடும்ப உறுப்பினர், வாடகைதாரருக்குரிய பாதுகாப்பு எதுவும் அவருக்குக் கிடையாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வக்கீலம்மா இவளைத் திரும்பிப் பார்த்தாள். இவள் மடியிலிருந்த கார் சாவியைப் பார்த்தாள்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

“ஐயா, அவங்க என் தங்கச்சி இல்ல.”

அச்சகக்காரர் எழுந்து நின்றிருந்தார். குரல் நடுங்கியது. முதுகு மட்டும் நேராக இருந்தது.

“வாடகைக்குக் குடியிருக்கறவங்க. நான் கடன் வாங்கறதுக்கு முன்னாடியே வந்தவங்க. கடன் கூடுதலாக் கிடைக்கும்னு நான் சொன்ன பொய் அது. அவங்களுக்கு அதுல ஒண்ணும் சம்பந்தமில்ல. நான் கேட்டுக்கிட்டேன்னு பேசாம இருந்தாங்க.”

அவங்க, அவங்க என்று அவர் சொல்லச் சொல்ல அவளுக்குச் சுருக் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ‘நீ, வா, போ’ என்று இருந்த வாய். அந்த மரியாதை அவளை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தியது. ஆனாலும், கடன்காரனிடம் தலை குனிய மாட்டேன் என்று கடிதத்தைக்கூடப் பிரிக்காத மனுஷன், நாலு பேர் முன்னால் தானாக எழுந்து ‘நான் பொய்யன்’ என்கிறார், யாருக்காக?

“இதைச் சொன்னா உங்க கோரிக்கை என்ன ஆகும்னு தெரியுமா?” என்றார் அதிகாரி.

“தெரியும்ங்க.”

அதிகாரி இவள் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. இவர் உங்களுக்கு யாரு?”

அவள் எழுந்தாள். “வீட்டு ஓனர் சார். நான் வாடகை குடுக்கறேன், ஒரு மாசம்கூடத் தவறினதில்ல.” வக்கீலம்மாவுக்கு அதுவே போதும், உட்காரச் சொல்லிக் கண் காட்டினாள். இவள் உட்காரவில்லை. “ஆனா நான் பேசாம இருந்தேன்னு சொன்னாரே, அது சுத்தப் பொய் சார். வாய் நிறையப் பேசினேன். மிட்டாய் வாங்கித் தராத கஞ்சன்னு சொன்னதே நான்தான். பொய்யில எனக்கும் பங்கு உண்டு, அதையும் எழுதிக்குங்க. இன்னொண்ணு, இவர் என் அண்ணன்தான். கடனுக்காக ஆரம்பிச்சது சார். தவணை நின்னு போச்சு. இது நிக்கல.”

அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கி, அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை, மீசை லேசாக அசைந்தது. வாடகைதாரர் என்ற முறையில் அவளுடைய கோரிக்கையை ஏற்றுக்கொள்வதாக எழுதச் சொன்னார். ஒப்பந்தம் முடியும்வரை அவளை யாரும் அசைக்கக் கூடாது. அச்சகக்காரரின் கோரிக்கையை நிராகரிக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அடுத்த விசாரணையில் சொல்கிறேன், அதுவரை வீட்டைப் பூட்டக் கூடாது என்றார். வங்கி வக்கீல் உதட்டைப் பிதுக்கினார்.

வெளியே வந்தபோது அச்சகக்காரர் அவளைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவள் பின்னால் ஓடினாள்.

“என் லைசென்ஸ் விஷயம் உங்களுக்கு யார் சொன்னது?”

“உன் பொண்ணு. உனக்கு இருக்கற திமிருக்கு நீ சொல்லுவியா?”

‘உன்’ என்றார். ‘உனக்கு’ என்றார். அவளுக்கு அப்படியே அந்தச் சிமென்ட் தரையில் உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. அழவில்லை.

“திமிரைப் பத்தி யார் பேசறது பாருங்க” என்றாள்.

அவர் நின்றார். கட்டடத்தின் பின்பக்கம் கார்கள் நிறுத்தும் இடம் அகலமாக, ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. ‘எல்’ போர்டு வைத்த அவளுடைய கார் நடுவில் நின்றிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அந்த பார்சல்காரன் இன்னும் ஆள் போடலையாம்” என்றார். “என்ன நிக்கிற? சாவியைக் குடு.”

“இந்தச் சுவருக்குள்ள மட்டுந்தான். ரோட்டுக்குப் போகணும்னா பழகுநர் லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க. அண்ணன்னு பார்க்க மாட்டேன்.”

அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியில் தலையைச் சரிசெய்தார். அவள் பக்கத்து இருக்கையில் ஏறி, தன் பக்கத்து பிரேக்கின்மேல் வலது காலை வைத்துக்கொண்டாள். முதல் பாடத்தில், கற்றுக்கொள்பவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், அந்தக் காலை அவள் எடுத்ததே கிடையாது. “கிளட்சை மெல்ல விடுங்க. மெல்லன்னா மெல்ல.” வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. மறுபடியும் துள்ளியது, மறுபடியும் அணைந்தது. கட்டடத்தின் பின்படியில் இறங்கி வந்த வங்கி வக்கீல் பைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவர் பார்ப்பது தெரிந்தும் அச்சகக்காரர் இறங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவை சாவியைத் திருப்பினார்.

இந்தத் தடவை வண்டி துள்ளவில்லை. காலியான தரையின்மேல், ஒரு ஆள் நடக்கும் வேகத்தில், நேராகப் போனது. அவர் முதுகு விசாரணை அறையில் நின்ற மாதிரியே நிமிர்ந்திருந்தது. அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, பக்கத்தில் தரை விரிப்பின்மேல் வைத்துக்கொண்டாள்.