மாரிச்செல்வி கட்டிய நட்சத்திரம்

மார்கழி முதல் தேதி மாரிச்செல்வி தன் வீட்டு வாசலில் கட்டிய காகித நட்சத்திரம் மின்சாரம் இல்லாமலே எரிந்தது. அதன் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் நெல் கதிர் தள்ள மறுத்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, முள்ளியாற்றிலிருந்து பிரியும் வாய்க்காலின் கடைமடையில் இருக்கும் அந்த ஊரில் முதல் செய்தியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. கரண்ட் பில் வராத விளக்கைப் பற்றி யாருக்கு என்ன குறை இருக்க முடியும்? இரண்டாவதுதான் பஞ்சாயத்து வரைக்கும் போனது.

மாரிச்செல்வியின் சொந்தப் பெயர் மரிசெல். பிலிப்பைன்ஸில் ஒரு கரையோர ஊர்க்காரி. பஹ்ரைனில் ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலையில் இருந்தபோது, அதே ஓட்டலின் சமையல்கட்டில் இருந்த சூர்யபிரகாஷைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளை பிறந்ததும் அவன் சம்பளம் கூடுதல் என்று கப்பலுக்குச் சமையல்காரனாகப் போனான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமனார் நடராசன் வீட்டுக்கு வந்தாள். மாமியார் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்த வீடு அது. ஊர்ப் பெண்கள் அவள் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவை மாரிச்செல்வி என்று ஆக்கிவிட்டார்கள். ரேஷன் கார்டிலும் அப்படியே ஏறியது. மகள் இசைவாணி தமிழ் பேசக் கற்றபோது அவளும் கூடவே கற்றாள். இருவருக்கும் ஒரே வாரத்தில் 'ழ' வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் வரவில்லை.

ஒரு சொல் மட்டும் அவள் நாக்கை விட்டுப் போகவில்லை. அவள் மொழியில் பெரியவர்களிடம் பேசும்போது நடுவே 'போ' என்று ஒன்று சேர்க்க வேண்டும். நாம் 'ங்க' சேர்ப்பது மாதிரி, மரியாதைக்கு. அதனால் அவள் மாமனாரிடம் "சாப்பிட வாங்க போ" என்றாள். "ஆமாம் போ" என்றாள். சோறு போதுமா என்று கேட்டதற்கு "போதும் போ" என்றாள். வந்த புதிதில் நடராசன் இலையைப் பாதியில் விட்டு எழுந்து வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். மகன் போனில் கூப்பிட்டு விளக்கிய பிறகுதான் சமாதானம் ஆனார். அப்புறம் டீக்கடையில் யாராவது சிரித்தால், "மரியாதையாத்தான் போகச் சொல்றா, உன் மருமவ மாதிரியா?" என்று கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டார்.

அந்த வருஷம் சூர்யபிரகாஷ் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். ஐப்பசியில் அவன் கப்பலின் முதலாளி கைவிரித்தார். மலாக்கா நீரிணையைத் தாண்டி ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டபடி கப்பல் நின்றது. கரை இறங்க அனுமதி இல்லை, கப்பலை ஓட்ட எண்ணெய் இல்லை, வேலையாட்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. கார்த்திகைக் கடைசியில் அவன் போனும் நின்றது. நடராசன் கலெக்டர் ஆபீஸுக்கு இரண்டு தடவை போய்வந்தார். மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

மாரிச்செல்வியின் ஊரில் டிசம்பர் பதினாறில் தொடங்கி ஒன்பது விடியற்காலைகள் பூசை நடக்கும். ஒன்பதையும் விடாமல் முடிப்பவர் கேட்டது கிடைக்கும் என்பார்கள். அவளுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. டவுன் சர்ச்சில் அந்த நேரத்தில் பூசை கிடையாது. இருந்தாலும் போக பஸ் கிடையாது. அதனால் வாசலிலேயே செய்வது என்று முடிவு செய்தாள். அவள் ஊர் வழக்கப்படி அதற்கு ஒரு நட்சத்திரம் வேண்டும். நடராசன் கொல்லை மூங்கிலை வெட்டி, சிம்பு சிம்பாகப் பிளந்து கொடுத்தார். எதிர்வீட்டுப் பிரகதாம்பாள், மகன் கல்யாணத்துக்கு வாங்கி மிச்சமிருந்த கலர் காகிதத்தைக் கொடுத்தாள். உள்ளே ஒரு பல்பைப் போட்டுக் கம்பத்தில் ஏற்றினார்கள். மறுநாள் இசைவாணி போனுக்கு சார்ஜ் போட வேண்டி பிளக்கைப் பிடுங்கினாள். நட்சத்திரம் எரிந்துகொண்டே இருந்தது. பல்பைக் கழற்றியும் பார்த்தார்கள். பிறகு அந்தப் பல்பை மாட்டுக் கொட்டகைக்குப் போட்டுக்கொண்டார்கள்.

டிசம்பர் பதினாறும் மார்கழி ஒன்றும் அந்த வருஷம் ஒரே நாள். பிள்ளையார் கோயில் குழாய் ரேடியோ பாடத் தொடங்கும் முன்பே மாரிச்செல்வி தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு வாசலில் நின்று வேண்டிக்கொள்வதை, கோலம் போட வந்த பெண்கள் பார்த்தார்கள். புருஷன் வர வேண்டும் என்று மார்கழி நோன்பு பிடிக்கிறாள் என்று அவர்களாகவே புரிந்துகொண்டார்கள். அவள் வாழை இலையில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றி, கீழே ஒரு நெருப்பும் மேலே ஒரு நெருப்புமாக வைத்துச் சுட்ட அப்பத்தைக் கொடுத்தபோது, பிரசாதம் என்று கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்கள். ஏமாற்றுவது மாதிரி இருந்ததால், மூன்றாம் நாள் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். இது நோன்பு இல்லை, கிறிஸ்துமஸ்.

பிரகதாம்பாள் அப்பத்தை மென்று முடித்துவிட்டுச் சொன்னாள்: "அதுவும் மார்கழியிலதானடி வருது."

அதோடு அந்த விஷயம் முடிந்தது. மறுநாளிலிருந்து மாரிச்செல்வி வாசலிலும் ஒரு கோலம் விழுந்தது. வாய்க்கால் வண்டலை எடுத்து அவள் கிறிஸ்துமஸ் குடில் செய்தாள். இசைவாணி செய்த இடையர்கள் எல்லோரும் தலையில் துண்டு கட்டி நடவு ஆட்கள் மாதிரி இருந்தார்கள். கழுதையை அவள் பார்த்ததில்லை என்பதால் மாதாவுக்குப் பக்கத்தில் ஓர் எருமை நின்றது. பாட்டுப் பழகவும் மாவு இடிக்கவும் தெருப் பிள்ளைகள் வந்தார்கள். வீடு ஒரு கல்யாண வீட்டுக்கான சத்தத்தோடு இருந்தது. மாப்பிள்ளைதான் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

இதற்குள் வயல் நின்றுபோயிருந்தது. நடராசன் போட்டிருந்தது மாப்பிள்ளைச் சம்பா. கதிர் தண்டுக்குள் புடைத்து, இன்றோ நாளையோ வெளியே வரவேண்டிய பருவம். தெருவிளக்குக்குக் கீழே நெல் கதிர் தள்ளாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயிருக்கு ராத்திரி வேண்டும், இருட்டு வேண்டும். நட்சத்திரமோ நடராசன் வயலைத் தாண்டி, பக்கத்து வைரக்கண்ணு வயலையும் தாண்டி, கூப்பிடு தூரம் வரை பால் ஊற்றியது மாதிரி வெளிச்சம் அடித்தது. அதில் ஊசியைக்கூடத் தேடிப் பொறுக்கலாம். தென்னங்கீற்று முடைந்து மறைப்புக் கட்டினார்கள். வெளிச்சம் கீற்றுக்குள் புகுந்து வந்தது. தார்ப்பாய் கட்டினார்கள், தார்ப்பாயும் சேர்ந்து எரிந்தது, சுடாமல். விவசாய ஆபீசர் வந்து பார்த்துவிட்டு, இதற்கு மருந்து இல்லை, விளக்கை அணைப்பதுதான் வழி என்றார். கோயில் குருக்கள் சூடம் காட்டி, மலையேறிவிடம்மா என்று கேட்டுக்கொண்டார். வைரக்கண்ணு அதன் பிறப்பைச் சந்தேகித்து ஏசினார். அதற்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது போல.

பஞ்சாயத்தில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள், நட்சத்திரத்தை இறக்கியாக வேண்டும் என்று. அன்று பொழுது சாயும்போது நடராசன் துரட்டியோடு வாசலுக்கு வந்தார். மாரிச்செல்வி கம்பத்துக்கு முன்னால் நின்றாள்.

"இறக்கிடறேம்மா. என் வயல் மட்டும்னா பரவால்ல."

"இன்னும் நாலு விடியக்காலைதான் மாமா. முடிஞ்சதும் நானே இறக்கிடறேன்."

"அதுக்குள்ள கதிரு தண்டுலயே அழுகிடும். ஊரு முழுக்க நம்ம வாசல்ல வந்து நிப்பான்."

"நெல்லு அடுத்த வருஷமும் வரும் போ," என்றாள் அவள். "உங்க பிள்ளை?"

நடராசன் துரட்டியைக் கீழே ஊன்றினார்.

"அவன் எங்க இருக்கான்னு இதுக்குத் தெரியுமா?"

"எனக்குத்தான் தெரியாது. அதுக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்து நட்சத்திரத்தைப் பார்த்தார். யார்மேல் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கைவிரித்த முதலாளியை அவர் பார்த்ததில்லை. மகன் கிட்டே இல்லை. மருமகள் சொல்வதிலும் தப்பில்லை, ஊர் சொல்வதிலும் தப்பில்லை. எட்டும் தூரத்தில் இருந்தது அது ஒன்றுதான். துரட்டியை வீசி எறிந்துவிட்டு அதைப் பார்த்துக் கத்தினார்.

"தெரியும்னா போ. அவன் இருக்கற பக்கம் போ. இங்க நின்னு எதுக்கு என் பயிரைக் கெடுக்கற? போ!"

நட்சத்திரம் ஒரு தடவை நடுங்கியது. பிறகு, கூப்பிட்ட ஆளைத் திரும்பிப் பார்ப்பது போல, மெதுவாகத் திரும்பிக் கிழக்கே முகம் வைத்துக்கொண்டது. வயல்மேல் கிடந்த வெளிச்சமெல்லாம் பாயைச் சுருட்டுவது மாதிரி சுருண்டு, ஒரே கீற்றாகி, புளியமரங்களுக்கு மேலாகக் கடலைப் பார்த்துப் போனது. வயலில் இருட்டு இறங்கியது. தவளை கத்தத் தொடங்கியது. நடந்தது என்ன என்று புரிந்தது மாரிச்செல்விக்கு மட்டும்தான். இத்தனை நாளில் அந்த நட்சத்திரத்திடம் அதன் ஊர் வழக்கப்படி மரியாதையாகப் பேசியவர் மாமனார் ஒருவர்தான், அதுவும் ஒரே மூச்சில் மூன்று தடவை. அவள் இதை அவரிடம் சொல்லவில்லை. துரட்டியை எடுத்துக் கூரை இறவாணத்தில் செருகிவிட்டு, கால் கழுவ அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த நாட்களில் நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து செய்தி வந்தது. கிழக்கே ஒரு வரப்பு அகலத்துக்கு வெளிச்சம் போகிறது, முடிவு தெரியவில்லை, கீழே மீன் நன்றாகப் படுகிறது, அதனால் எடுக்கச் சொல்ல வேண்டாம் என்று. நடராசன் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கதிர் எட்டிப் பார்த்தது. மாரிச்செல்வி விடியற்காலைகளை விடவில்லை. காய்ச்சலோடு நின்ற ஒரு நாள், பிரகதாம்பாள் பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இருபத்து நாலாம் தேதி, கடைசி வேண்டுதல் முடிந்து, அவள் அப்பத்தை இலையிலிருந்து உரித்துக்கொண்டிருந்தபோது, புளியமரத்துக்கு மேலே ஒருவன் தலையில் பெட்டியோடு நடந்து வருவதை இசைவாணி காட்டினாள். சூர்யபிரகாஷ்தான். அங்கே கப்பலின் முன்முனையில் வந்து விழுந்த வெளிச்சத்தில் முதலில் கால் வைத்தவர் என்ஜினீயர். இரண்டாவது அடியில் விழுந்தார். கயிறு போட்டு இழுத்தார்கள். மாரிச்செல்வி நாட்டுக்காரப் பையன்கள் இரண்டு பேர் தவழ்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சூர்யபிரகாஷுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. மழைநாளில் நாற்றுக்கட்டு சுமந்து வரப்பில் நடந்தவன் அவன். குதிகாலை நம்பாமல், பெருவிரலை அழுத்தி, கீழே பார்க்காமல் நடந்தான். பசித்தபோது பெட்டியிலிருந்த பிஸ்கட்டைத் தின்றான். தூக்கம் வந்தபோது, வரப்பில் தூங்கக் கூடாது என்பதால் தூங்கவில்லை.

மரத்துக்கு இந்தப் பக்கம் வெளிச்சக் கீற்று தாழ்ந்து வாசலைத் தொட்டது. அவன் இறங்கிப் பெட்டியை வைத்தான். நடராசன் அவன் பாதங்களைப் பார்த்தார்.

"வழியில வழுக்குச்சா?"

"அந்தமான் பக்கம் கொஞ்சம் வழுக்குச்சிப்பா. மழை."

மாரிச்செல்வி கையிலிருந்த அப்பத்தை அவன் வாயில் வைத்து அழுத்தினாள். அவன் மென்றபடியே மற்றவர்கள் வரும்வரை நட்சத்திரத்தை இறக்க வேண்டாம், அவர்களுக்கு வரப்பு பழக்கமில்லை, நாளாகும் என்றான். எந்தத் துறைமுகம் வழியாக வந்தான் என்று கேட்க இன்ஸ்பெக்டர் மத்தியானம் வந்தார். அவரும் கடைமடை விவசாயி வீட்டுப் பிள்ளை. விவரம் கேட்டுவிட்டு, எதிரே ஆள் வந்தபோது எப்படி ஒதுங்கினாய் என்று மட்டும் கேட்டார். யாரும் வரவில்லை என்றான். மறுநாள் கிறிஸ்துமஸ். வெயில் ஏறியதும் மாப்பிள்ளைச் சம்பா வயல் முழுக்க ஒன்றாகப் பூத்தது. பூக்கும் நேரத்தில் பயிருக்குள் யாரும் இறங்கக் கூடாது என்பதால் எல்லோரும் வாய்க்கால் கரையில் நின்று பார்த்தார்கள்.

பொங்கலுக்குள் கப்பல்காரர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். என்ஜினீயர்தான் கடைசி. அதற்கடுத்த மார்கழிகளில், அக்கரையில் பிள்ளை இருக்கும் வீடுகளெல்லாம் மூங்கில் பிளந்தன. கடைவீதி மீரா சாகிப் தன் மகனுக்காக மேற்கே பார்த்து ஒன்று கட்டினார். வெளிச்ச வரப்புகளில் போக்குவரத்து கூடிப்போனதால் சின்னச் சின்னத் தகராறுகள் வந்தன. வைரக்கண்ணு தலைமையில் பஞ்சாயத்து கூடி, மற்ற வரப்புகளுக்கு உள்ள முறைதான் இதற்கும் என்று தீர்த்துவைத்தது: சுமையோடு வருபவருக்கு, வெறுங்கையோடு வருபவர் ஒதுங்கி வழி விட வேண்டும்.