ஒன்பதே காலுக்குப் பேசும் தையல்

பித்தப்பையை எடுத்த பதினோராம் நாள், காலை ஒன்பதே காலுக்கு, கண்டக்டரம்மாவின் வயிற்றுத் தையல் பேசத் தொடங்கியது. குரல் அவளுடையதல்ல, அறுத்த பெரிய டாக்டருடையது. "யப்பா, இந்தம்மா வயித்த அறுக்க தனியா டெண்டர் விடணும்போல" என்றது. சுற்றிலும் சிரிப்பு. பிறகு மயக்க டாக்டரின் குரல், புது வீட்டுக்குப் போடும் டைல்ஸைப் பற்றி நாற்பது நிமிடம் போனில் பேசியது. அன்று முதல் தினமும் அதே நேரம், அதே பேச்சு. வீட்டுக்காரர் டிவியை அலறவிட்டுப் பார்த்தார், எடுபடவில்லை.

அவளுக்கு இது புதிய செய்தியல்ல. ஆபரேஷன் மேஜையில் கிடந்தபோதே ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள். தசை தளர்த்தும் மருந்து தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. வயிறு கத்தியோடு மல்லுக்கட்டாமல் இருக்கவும், தொண்டையில் குழாய் தடையின்றி இறங்கவும் கொடுப்பது அது. மூச்சுத் தசையும் ஓய்ந்துவிடும், மெஷின்தான் மூச்சுவிடும். ஆனால் அது தூங்க வைக்காது. தூக்கத்துக்கு வேறு மருந்து, மெஷினில் தனிக் குடுவையில். முந்தைய ஷிப்ட் நிரப்பியிருக்கும் என்று மயக்க டாக்டரும், அடுத்த ஷிப்ட் நிரப்பிக்கொள்ளும் என்று முந்தைய ஷிப்ட்காரரும் விட்டதில் குடுவை காலி. பஸ்ஸில் கடைசி சீட்டுவரை குரல் கொடுத்தே முப்பது வருடம் பிழைத்தவளால் இமையைக்கூட அசைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி கண்காணிப்பாளரிடம் போனாள். "மயக்கத்துல கனவு வரும்மா, சகஜம்" என்றார்.

"கனவுல கத்தி பட்டா வலிக்குமா சார்? நான் முழிச்சிருந்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

அந்த ஒரு வரிக்கு இரண்டு வருடம் அலையவிட்டார்கள். என்ன நெஞ்சழுத்தம்! நடுவில் ஒரு கடிதம் வேறு: தையல் தொந்தரவாக இருந்தால் வெட்டி எடுத்துத் தருகிறார்களாம். அதற்கும் அதே மேஜை, அதே மருந்து.

ஒருவழியாக விசாரணைக் குழு கூடியது. ஒன்பதே காலுக்குத் தையல் பேசியது. "யார் குரலோ இது?" என்றார் பெரிய டாக்டர், கூச்சமே இல்லாமல். டைல்ஸ் பேச்சும் முடிந்து, "கேட்டாச்சும்மா, கெளம்புங்க" என்று தலைவர் கோப்பை மூடியபோது, தையலிலிருந்து அதுவரை வராத ஒன்று வந்தது. அன்று மேஜையில் அவள் போட்டு, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிப்போன அலறல். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பெரிய டாக்டர் காதைப் பொத்திக்கொண்டு, "நிறுத்தச் சொல்லுங்க!" என்று கத்தினார்.

"நானும் அன்னைக்கு அதத்தான் சார் சொன்னேன்" என்றாள் கண்டக்டரம்மா.

'நோயாளி விழித்திருந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு மதிய ஷிப்ட்டுக்குப் போனாள். தையல் அன்றோடு ஓய்ந்தது. அலறல் மட்டும் அந்த அறையைவிட்டுப் போகவில்லை. குழு இன்றும் அங்கேதான் கூடுகிறது. புதிதாகப் புகாரோடு வருகிறவர்களைக் கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொல்கிறார்கள்.