பைலட் குரல்

படம் ஓடும்போது அவள் திரையைப் பார்ப்பதில்லை. அரங்கின் கடைசிக் கதவருகே நின்றுகொண்டு ஜனங்களின் முதுகைப் பார்ப்பாள். முகம் மரியாதைக்குச் சிரிக்கும், முதுகுக்கு அந்த மரியாதை தெரியாது என்பது அவள் கட்சி. சலித்துப்போனால் முதுகு நெளியும். பிடித்துப்போனால் அசையாது. கலைவிழாவின் இயக்குநராக இருந்த காலம் முழுக்க, யாரைத் திரும்ப அழைப்பது, யாருக்குக் கும்பிடு போடுவது என்பதை முதுகுகளைக் கேட்டுத்தான் முடிவு செய்தாள்.

இன்று அவள் பார்த்தது ஒரே ஒரு முதுகை. மூன்றாவது வரிசை, ஓரத்து இருக்கை. அவளுடைய அக்கா.

திரையில் அக்காவைப் பற்றிய ஆவணப்படம். தயாரித்தது அவள்.

இந்த விழாவுக்குள் அவள் நாற்காலி தூக்கிக்கொண்டு நுழைந்தவள். பிறகு டிக்கெட் கிழித்தாள். பிறகு விருந்தினர்களின் பெட்டிகளைத் தேடிக்கொடுத்தாள். கோபித்துக்கொண்டு விடுதி அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட பாடகர்களைக் கதவுக்கு வெளியே நின்று சமாதானம் செய்தாள். அதைப் பார்த்துத்தான் அவளை இயக்குநராக்கினார்கள் என்று சொல்வார்கள். விழா இல்லாத மாதங்களில் ஆவணப்படம். லிஃப்ட் பழுது பார்ப்பவர், காது கேளாத தையல்காரி, மணிக்கூண்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவர் என்று ஊரார் வாழ்க்கையை எல்லாம் படம் பிடித்தவள், ஓய்வு நெருங்கியபோதுதான் சொந்த வீட்டுப் பக்கம் கேமராவைத் திருப்பினாள்.

அந்தப் படத்தைத் தன் விழாவிலேயே போடுவதில் அவளுக்கு விருப்பமில்லை. விழாக்குழுத் தலைவர் விடவில்லை.

“உன் கடைசி வருஷம்மா. தொடக்கப் படம் உன்னோடதுதான்.”

“நானே சமைச்சு, நானே பரிமாறி, நானே ஏப்பம் விடணுமா சார்?”

“விடு. யாரு வேண்டாங்கிறா?”

அக்கா ஒரு காலத்தில் நாடக நடிகை. முப்பது வயதில் மேடையை விட்டுவிட்டு அத்தானோடு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தாள். அவள் நடித்துக்கொண்டிருந்தவரை ஒரு வரி எழுதாத விமர்சகர், விட்ட பிறகு ஒரு முழுப்பக்கம் எழுதினார். அன்றிலிருந்து அக்கா ஊருக்கு ஓர் ‘இழப்பு’ ஆனாள். கண்ணாடி வாங்க வருகிறவர்கள்கூட, “எப்படி இருக்க வேண்டியவங்க” என்று உச்சுக்கொட்டிவிட்டுத்தான் போவார்கள். அக்கா பதில் சொல்வதில்லை. ஃப்ரேமின் குட்டித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருப்பாள். அது துக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு மட்டும் அதில் சந்தேகம் இருந்தது. ஆனால் சந்தேகத்தைச் சொல்ல வேண்டுமென்றால், நீ அப்படி ஒன்றும் பெரிய நடிகை இல்லை என்று கூடப்பிறந்தவளிடம் சொல்ல வேண்டும். யாருக்கு அந்த நெஞ்சழுத்தம் இருக்கிறது?

அதோடு, பயமும் இருந்தது. கல்யாணத்தில் ஒருமுறை, சாவில் ஒருமுறை என்று பார்த்துக்கொண்டிருந்த அக்காவும் தங்கையும் இந்தப் படத்தின் சாக்கில்தான் ஞாயிறுதோறும் சந்திக்கத் தொடங்கியிருந்தார்கள். கேமராவை அணைத்த பிறகும் கடையின் பின்னறையில் உட்கார்ந்து இருட்டும்வரை பேசினார்கள். இந்த வயதில் அப்படி ஒரு ஆள் கிடைப்பது லேசல்ல. படத்தால் கிடைத்த அக்காவைப் படத்தாலேயே இழக்க அவள் தயாராக இல்லை.

அதனால் பின்னணி உரையை ஒரு கவிஞரிடம் கொடுத்து எழுதி வாங்கினாள். அதில் அக்கா மகா நடிகை. குடும்பத்துக்காகக் கலையைத் துறந்தவள். வெண்கலக் குரல் கொண்ட ஒரு வானொலி அறிவிப்பாளர் அதை வாசித்தார். ஒலிப்பதிவு அறையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்கு மட்டும் கண்ணாடி போட்ட யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தது. போகட்டும், யாருக்கும் மனம் நோகாது என்று விட்டுவிட்டாள்.

அக்காவுக்குப் படத்தை முன்கூட்டிக் காட்டவில்லை. படத்தில் வருகிற ஆளுக்கு முன்னால் போட்டுக் காட்டுவது அவள் வழக்கமில்லை. காட்டினால், மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று ஆரம்பித்துக் கல்யாணக் காட்சியையே வெட்டச் சொல்வார்கள்.

படம் பேச்சில்லாமல் தொடங்கியது. கடைக் கதவு மேலே உருள்கிறது. அத்தான் தரையைத் துடைக்கிறார். அக்கா ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து வாயால் ஊதித் துணியால் தேய்த்து வைக்கிறாள். நீளமான, அமைதியான காட்சி. அவளுடைய பெருமை அது. காலையில் படம், ஒலி எல்லாம் சரியா என்று சோதித்தபோதும் இந்தப் பகுதியைத்தான் ஓடவிட்டுப் பார்த்தார்கள். துணி தேய்கிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. போதும் என்று அணைத்துவிட்டாள்.

இப்போது, வெண்கலக் குரல் வர வேண்டிய இடத்தில், ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்குரல் வந்தது.

“இவள் என் அக்கா. சுமாரான நடிகை.”

அவளுடைய குரல்.

பைலட் குரல். உரை தயாராவதற்கு முன், எந்தக் காட்சிக்கு எவ்வளவு பேச்சு பிடிக்கும் என்று அளவு பார்க்கப் படத்தொகுப்பு அறையில் யாராவது வாய்க்கு வந்ததைப் பேசிப் பதிந்துவைப்பார்கள். பிறகு அதை அணைத்துவிட்டு நல்ல குரலைச் சேர்ப்பார்கள். அன்று மைக் முன்னால் உட்கார்ந்தது அவள்தான். எப்படியும் தூக்கி எறியப்போகிற குரல்தானே என்று வஞ்சனையில்லாமல் பேசியிருந்தாள். படத்தொகுப்பாளர் கடைசிப் பிரதியில் வெண்கலத்தை அணைத்துவிட்டு ஜலதோஷத்தை விட்டுவைத்திருந்தார்.

“அழுகிற காட்சி வந்தால் அக்கா மூக்கைத் தொடுவாள். எட்டு வருஷம் நடித்தாள். எட்டு வருஷமும் மூக்கைத் தொட்டாள்.”

அரங்கில் யாரோ களுக்கென்றார்கள். அவள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஆபரேட்டர் அறைக்கு ஓடினாள்.

“நிறுத்துங்க!”

ஆபரேட்டர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். “எதை மேடம்?”

“படத்தை. தப்பான பிரதி.”

“கலர் நல்லாத்தானே இருக்கு. சத்தமும் கணீர்னு கேக்குது.”

“குரல் தப்பு.”

“உங்க குரல்தானே?”

“அதுதான்யா தப்பு!”

ஆபரேட்டர் கண்ணாலேயே கதவைக் காட்டினார். அதில் அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘ஓடத் தொடங்கிய படம் நிறுத்தப்படாது. யார் சொன்னாலும்.’ ஒரு வருடம் சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தாரென்று பாதிப் படத்தை நிறுத்தி முதலிலிருந்து போட்டார்கள். பாதி ஜனம் எழுந்து போய்விட்டது. மறுநாள் அவளே பசை தடவி ஒட்டிய தாள் அது.

“யார் சொன்னாலும்னு போட்டிருக்கீங்களே.”

“எழுதினவளே நான்தான்.”

“அப்ப ‘என்னைத் தவிர’ன்னு போட்டிருக்கணும்.”

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நிறுத்துங்க.”

“போன வருஷம் தலைவரே மூச்சிரைக்க வந்தாரு, வீட்டம்மாவுக்குத் தலை சுத்துதுன்னு. நிறுத்தினோமா? வெளிய காத்தாட உட்கார வைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.” அவர் டீயைக் கீழே வைத்தார். “மேடம், இப்ப நிறுத்தினா என்ன சொல்லுவீங்க? அக்காவைப் பத்தி சொன்னது எல்லாம் பொய்யின்னா?”



அவள் சுவரிலிருந்த சதுரக் கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். அக்காவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. பிறகு தலை அத்தானின் தோளில் சாய்ந்தது. கைக்குட்டை முகத்துக்குப் போனது.

அழுகிறாள்.

அவள் இறங்கிக் கூடத்துக்கு வந்து காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மூடிய கதவையும் மீறிக் குரல் கேட்டது.

“அக்கா மேடையை விட்ட அன்று அழுதது நானும் அப்பாவும்தான். எங்களுக்கு முன் வரிசை ஓசி டிக்கெட் போயிற்று. ஒரு ஆள் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிமிரும்போது அக்கா அந்த முகத்தை எப்படிப் பார்க்கிறாள் பாருங்கள். மேடையில் அவள் யாரையும் இப்படிப் பார்த்ததில்லை. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களே என்று பயந்துகொண்டிருந்தாள். இங்கே பயமில்லை. இங்கே அவள்தான் பார்க்கிறாள்.”

சிரிப்பு நின்றிருந்தது. அவள் மனதுக்குள் மன்னிப்பு வாக்கியங்களை அடுக்கினாள். இயந்திரக் கோளாறு. ஆள் தவறு. நான் அப்படி நினைக்கவில்லை. மூன்றாவதைச் சொன்னால் அக்கா ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள்.

கைதட்டல் எழுந்தது. படம் முடிந்தால் படத்தில் வந்தவரை மேடைக்கு அழைக்க வேண்டும். அழைக்க வேண்டியவள் அவள்தான். கதவைத் திறந்தபோது அக்காவே மேடையில் நின்றுகொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. மைக்கைத் தூரமாகப் பிடித்திருந்தாள்.

நடுவரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். “அம்மா, படம் என்ன சொன்னாலும் சரி, நாடக உலகத்துக்கு நீங்க ஒரு பெரிய இழப்பு. உங்க தங்கச்சி உங்களைக் குறைச்சு மதிப்பிட்டுட்டாங்க.”

அக்கா அவர் போட்டிருந்த கண்ணாடியை உற்றுப் பார்த்தாள்.

“படத்தை முழுசாப் பார்த்தீங்களா சார்?”

“பார்த்தேனே.”

“ஒருநாள் கடைக்கு வாங்க. உங்க பவர் மாறியிருக்கு.”

அரங்கமே கொல்லென்று சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

“நான் சுமாராத்தான் நடிச்சேன்,” என்றாள் அக்கா. “அது எனக்குத் தெரியும், என் தங்கச்சிக்குத் தெரியும். மூக்கைத் தொடுறதை மட்டும் யாரும் கவனிக்கலைன்னு இத்தனை நாளா நம்பிட்டு இருந்தேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”

கதவருகே அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். முதுகை நம்பி இத்தனை வருடம் எத்தனை பேருக்கு என்ன செய்தேனோ என்று ஒரு கணம் தோன்றியது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மேடைக்குப் பின்னாலிருந்த ஒப்பனை அறையில் அக்கா அவளைப் பிடித்தாள்.

“ஏய் வாலு! படம் ஓடுறப்ப எங்க போய்த் தொலைஞ்ச?”

“அக்கா, அது தப்பான பிரதி.”

“என்னடி சொல்ற?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பைலட் குரல், வெண்கலக் குரல், எல்லாவற்றையும். அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப சரியான படத்துல நான் யாரு?”

“மகா நடிகை. குடும்பத்துக்காக எல்லாத்தையும் விட்டவ.”

“எந்தக் குடும்பத்துக்காக?”

“நம்ம குடும்பம்தான்.”

“நம்ம குடும்பத்துக்கு நான் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர்றேன்னே தெரியாதேடி. யாரு எழுதினது இதை?”

“ஒரு கவிஞர்.”

“அதானே பார்த்தேன்.” அக்கா பெருமூச்சு விட்டாள். “வரும்போதே உங்க அத்தான்கிட்ட சொன்னேன், இவளும் எனக்கு மாலை போட்டு ஆணியில மாட்டப்போறா, எழுந்து போகக்கூட முடியாது, சொந்தத் தங்கச்சின்னு. நல்லவேளை. தப்பிச்சேன்.”

“நீ அழுறேன்னு நினைச்சேன்.”

“சிரிப்பை அடக்கிப் பாரு, அப்படித்தான் இருக்கும்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“விட்ட புதுசுல கொஞ்ச நாள் கஷ்டமாத்தான் இருந்துச்சு,” என்றாள், தலை நிமிராமல். “சாயங்காலம் ஆனா கையை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியாது. வீட்ல இருந்த செருப்பு, ஷூ எல்லாத்தையும் எடுத்துப் பாலிஷ் போடுவேன். போட்டதுக்கே திரும்பப் போடுவேன். அப்புறம் சரியாப் போச்சு. அந்தக் கொஞ்ச நாளைப் பத்தி ஒருத்தரும் கேக்கலை. மீதி வருஷத்துக்கெல்லாம் துக்கம் விசாரிச்சுட்டு இருந்தாங்க.”

அவள் மனம் பழக்கதோஷத்தில் உடனே காட்சியைக் கட்டிவிட்டது. சாயங்கால வெளிச்சம். தரையில் வரிசையாகச் செருப்புகள். கறுப்பு அப்பிய விரல்.

“இதை கேமரா முன்னாடி சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீ படத்துல போட்டுடுவேன்னுதான் அங்க சொல்லலை. இது உனக்கு.”

அவள் தலையாட்டினாள். காட்சியைக் கலைத்தாள்.

விழாக்குழுத் தலைவர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். “நாளைக் காலைக் காட்சிக்குச் சரியான பிரதி வந்துடுமாம்மா? உன் படத்தொகுப்பாளர் வெளிய தலையில கை வச்சுட்டு உட்கார்ந்திருக்கார். பார்க்கவே பாவமா இருக்கு.”

“இன்னிக்கு ஓடினதுதான் சார் படம்.”

“ஜலதோஷக் குரலா இருக்கே?”

“இருக்கட்டும்.”

“கவிஞருக்கு யாரு சொல்றது?”

“நான் சொல்றேன். பாடகர்களையே சமாளிச்சிருக்கேன்.”

தலைவர் போனார். அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“படந்தான் முடிஞ்சுபோச்சே. ஞாயித்துக்கிழமை இனிமே வரமாட்டியோ?”

“கேமரா இல்லாமயா?”

“கேமரா இல்லாமத்தான். ஆனா சும்மா உட்கார்ந்து வாய் பார்த்துட்டு இருக்கக் கூடாது. கடையில இருந்த ஆள் வேலையை விட்டு நின்னுட்டான். கண்ணாடி துடைக்கணும்.”

“வர்றேன்.”

“சீக்கிரம் வா. அத்தான் கதவைத் தூக்கிட்டுத் திணறுறாரு.”

அக்கா போன பிறகு அவள் கொஞ்ச நேரம் ஒப்பனை விளக்குகளின் கீழே நின்றாள். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக அணைத்தாள். வெளியே போய், பெஞ்சில் இருந்த படத்தொகுப்பாளரின் தலையிலிருந்து அவர் கையை எடுத்துவிட்டாள்.