எல்லையில் மிதந்த சோபா

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தொண்டு செய்யத் தானாகப் போகவில்லை. அவருடைய மனைவிதான் பெயரைக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடையைப் பூட்டிவிட்டு, வீட்டுக் கூடத்துச் சோபாவில் கால் நீட்டிப் படுத்து, இருட்டும் வரை எழுந்திருக்காத மனிதரை வேறு எப்படித்தான் வெளியே கிளப்புவது? அவளுடைய தம்பி, வளைகுடாவை இரண்டு நாடுகளும் சேர்ந்து சுத்தம் செய்வதற்காகத் திறந்த கூட்டு அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளராக இருந்தான். அவன் காதில் ஒரு வார்த்தை போட்டு வைத்தாள். காரியம் முடிந்தது.

வளைகுடாவின் இக்கரை இவர்கள் நாடு, அக்கரை அவர்கள் நாடு. நடுவில் எல்லைக்கு அடையாளமாக ஒரு மஞ்சள் மிதவை. மிதக்கிற குப்பை யார் வீட்டுக் குப்பை என்று பல வருஷம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒருவழியாக ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அவரவர் பக்கத்தில் மிதப்பதை அவரவர் தொண்டர்கள் அள்ள வேண்டும். அடுத்தவர் குப்பையில் கை வைக்கக் கூடாது.

முதல் நாள், ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை வயிற்றை இறுக்கிப் பிடிக்க, கையில் நீளக் கொக்கியோடு ரப்பர் படகில் போனார். பாட்டில், ஒற்றைச் செருப்பு, அறுந்த வலை என்று அள்ளிக்கொண்டே மிதவை வரை வந்துவிட்டார். அங்கே ஒரு சோபா மிதந்துகொண்டிருந்தது. மூன்று பேர் உட்காரக்கூடிய பச்சை சோபா. யார் எதற்காகச் செய்தார்களோ, அதன் அடியில் காலி பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். கடைக்காரர் இந்தக் கைப்பிடியில் கொக்கியை மாட்டிய அதே நேரத்தில், எதிர்ப்பக்கப் படகிலிருந்து இன்னொரு கொக்கி அந்தக் கைப்பிடியைப் பிடித்தது. பிடித்தவர் வாட்டசாட்டமான ஒரு அம்மாள். அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சர் அவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. இவர் பேசியது அவருக்குப் புரியவில்லை. அவர் பேசியது இவருக்குப் புரியவில்லை.

கடைக்காரர் வாக்கிடாக்கியில் மச்சினனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"விட்டுடாதீங்க மாமா. இழுத்துடவும் செய்யாதீங்க. மேல கேட்டுட்டு சொல்றேன்."

"அப்ப நான் என்னதான் பண்ணணும் மாப்ள?"

"சும்மா பிடிச்சுக்கிட்டே இருங்க. நீங்க விட்டா, நாட்டையே விட்டுக்குடுத்த மாதிரி ஆயிடும்."

மேலே இருந்தவர்கள் ஆற அமர யோசித்தார்கள். வெயில் ஏறியது. படகுக்கு எண்ணெய் போட வேண்டும் என்றார் படகோட்டி. பிடியை விடக் கூடாது என்பதால் கடைக்காரரைச் சோபாவிலேயே இறக்கிவிடச் சொல்லி உத்தரவு வந்தது. இவர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அந்தப் பக்கமும் சும்மா இருக்குமா? டீச்சரும் மறு ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். நடு இடம் எல்லை. அதில் இரண்டு பேரும் கையைக்கூட வைக்கவில்லை.

கொஞ்ச நேரத்துக்குமேல் கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை. டீச்சரின் கண்ணாடியைக் காட்டிக் கையை நீட்டினார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் குட்டித் திருப்புளியால் ஆணியை முடுக்கி, சொந்தச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். டீச்சர் மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு மெல்ல ஏதோ பாட ஆரம்பித்தார். கடைக்காரர் காலை நீட்டிக்கொண்டு கேட்டார். அந்தச் சோபா வீட்டுச் சோபாவைவிடச் சுகமாக இருந்தது என்பதை அவர் வெளியே சொல்லவில்லை.

மாலையில் அதிகாரிகளோடு ஒரு கடல் உயிரியல் நிபுணர் வந்தார். குனிந்து சோபாவின் அடியைப் பார்த்தவர் நிமிரவே இல்லை. சிப்பிகள், நண்டுக் குஞ்சுகள், நிழலுக்கு ஒதுங்கிய பொடி மீன்கள் என்று ஒரு ஊரே குடியிருந்தது. இது இனிமேல் குப்பை அல்ல, வாழிடம் என்று அவர் அறிவித்தார். ஒப்பந்தப்படி வாழிடத்தை அசைக்கக் கூடாது. ஆக, அந்தச் சோபா இரு நாடுகளின் கூட்டுப் பாதுகாப்புப் பகுதி ஆனது. ஞாயிறுதோறும் காவலுக்கு இரண்டு பேர் வேண்டுமே? ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களே இருக்கட்டும் என்று முடிவானது.

"நம்ம வீட்டு சோபாவ விட்டு எழுப்பத்தான் உங்கள அனுப்பினேன். அங்க போயும் சோபாதானா?" என்றாள் மனைவி. தம்பிக்கும் அன்றைக்கு நல்ல வசவு கிடைத்தது.

சோபா அசையாது என்று காகிதத்தில் எழுதியாகிவிட்டது. ஆனால் நீரோட்டத்துக்குப் படிக்கத் தெரியாது. வாரத்துக்கு வாரம் சோபா நகர்ந்தது. நகர்ந்தது என்று ஒப்புக்கொள்ள எந்த நாட்டுக்கும் மனம் வரவில்லை. மிதவைதான் விலகிப்போய்விட்டது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டு, மிதவையைத் தூக்கிச் சோபாவின் பக்கத்தில் போட்டார்கள். அதோடு எல்லையும் கூடவே வந்தது. மீன்காரர்கள் கடலுக்குள் இறங்குமுன் கண்ணாடிக் கடைக்கு வந்து, எல்லை இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள்.

அது போகட்டும். பாதுகாப்புப் பகுதிக்குப் பக்கத்தில் மற்ற தொண்டர்கள் வரக் கூடாது என்று தடை வேறு போட்டிருந்தார்கள். அதனால் வளைகுடா முழுவதும் பளிச்சென்று ஆக, மிச்சக் குப்பையெல்லாம் சோபாவைச் சுற்றி வந்து அடைந்தது. கடைக்காரர் மனசு கேட்காமல் ஒரு பாட்டிலை எடுத்துவிட்டார். யார் பார்த்துச் சொன்னார்களோ, உடனே வாக்கிடாக்கி கரகரத்தது. காவலர்கள் பார்க்கலாம், தொடக் கூடாது என்றான் மச்சினன். பாட்டிலிலும் ஏதாவது உயிர் ஒட்டியிருக்கலாமாம்.

"குப்பை அள்ளத்தானே மாப்ள வந்தேன்?"

"அள்ளலாம் மாமா. இங்க மட்டும் வேண்டாம்."

அவர் பாட்டிலைத் திரும்பத் தண்ணீரில் வைத்தார். வெட்கமாக இருந்தது. டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒரு நாள், அடியில் ஏதோ படீரென்று வெடித்தது. பீப்பாய்கள் விரிசல் விட்டிருந்தன. போதாக்குறைக்குச் சிப்பிகளின் பாரம். சோபா அமிழத் தொடங்கியது. கடைக்காரர் தகவல் சொன்னார். மேலே கேட்டுச் சொல்கிறேன், அதுவரை எழுந்திருக்காதீர்கள் என்றான் மச்சினன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மடிக்கு வந்தது. கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் வாக்கிடாக்கியை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

டீச்சர்தான் எழுந்தார். நடு இடத்தில் தொப்பென்று ஒரு காலை ஊன்றி, கடைக்காரரின் கையைப் பிடித்து இழுத்து, காத்திருந்த தன் படகுக்குள் உருட்டித் தள்ளினார். அவர் புரண்டு எழுந்து பார்ப்பதற்குள் சோபாவின் பச்சை முதுகு தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் குமிழி வந்தது, அவ்வளவுதான். அவர் நனைந்த சட்டையால் கண்ணைத் துடைத்தார். ஒரு சோபாவுக்காகவா என்று தன்னையே கேட்டுக்கொண்டார், ஆனாலும் இன்னொருமுறை துடைத்தார்.

"மாமா, இப்ப எந்த நாட்டுப் படகுல இருக்கீங்க?" என்றது வாக்கிடாக்கி. அவர் அதை அணைத்துவிட்டார்.

சோபா மூழ்கிவிட்டது என்று எழுதினால், எல்லை எங்கே என்ற கேள்வி முளைக்கும். அதனால் இரு தரப்பும் காதும் காதும் வைத்தமாதிரி, காவல் தொடர்கிறது என்றே எழுதிவிட்டன. சொன்னபடி கடைக்காரரும் டீச்சரும் தொடர்ந்து போனார்கள். காவல் காக்க ஒன்றுமில்லை, சுற்றிலும் குப்பை மட்டும் இருந்தது. தடை அப்படியே இருந்ததால் வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே படகில் ஏறி, கேட்பாரில்லாமல் அள்ளினார்கள். சாக்கு நிறைந்தால், எந்தக் கரை பக்கமோ அந்தக் கரையில் இறக்கினார்கள்.

ஞாயிறானால் விடிவதற்குள் குளித்துக் கிளம்பும் புருஷனைப் பார்த்து மனைவிக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் தானும் வருவதாகச் சொல்லி, மறுபேச்சுக்கு இடமில்லாமல் படகில் ஏறிவிட்டாள். டீச்சரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். டீச்சர் சிரித்து, நகர்ந்து இடம் கொடுத்தார். மனைவி அப்புறம் கடலைப் பார்த்தாள். கணவர் கொக்கியால் ஒரு பாட்டிலைத் துரத்திக்கொண்டிருந்தார். அது நழுவி நழுவிப் போனது.

"அள்ளுற லட்சணத்தப் பாரு," என்று கொக்கியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க சாக்கைப் பிடிங்க."

டீச்சருக்கு அது மொழிபெயர்க்காமலே புரிந்துவிட்டது. சாக்கின் மறு முனையைப் பிடித்துக்கொண்டார்.