எட்டு மணி ஆராதனை

அப்பாவின் சட்டைப் பைகளை அம்மா ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தாள். அப்பா கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். நேற்று சாயங்காலம் முகம் கழுவப் போன இடத்தில் சரிந்தவர்தான். இன்று நாலு மணிக்கு அடக்கம்.

"என்னம்மா தேடுற?" என்றான் மகன்.

"சர்ச் சாவி. மணி ஏழு தாண்டிருச்சு."

"கிடைச்சதும் குடு. யார்கிட்டயாவது அனுப்பிடறேன்."

"அனுப்ப வேணாம். நானே போறேன். ஆராதனைக்கு."

அப்போதுதான் கவனித்தான். அம்மா குளித்து, நல்ல புடவை கட்டியிருந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை பொரிந்து தள்ளினாள்.

"என் அண்ணன் இன்னும் வீட்டுல கிடக்காரு. அதுக்குள்ள உங்களுக்குக் கால் நிக்கலையா அண்ணி?"

அவனுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா இருபத்தாறு வருஷமாக எல்லா ஞாயிறும் சர்ச் கதவைத் திறக்க ஓடிய மனிதர். மகனுக்குக் காய்ச்சல் என்றாலும் ஓடினார். அந்தக் கோபத்தில்தான் அவன் பத்து வருஷமாக அந்தப் படியை மிதிக்கவில்லை. குறுக்கே போய் நின்றான்.

"நாலு பேரு என்னம்மா பேசுவாங்க?"

"பேசட்டும். வியாழக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிட்டாருடா. ஞாயித்துக்கிழமைன்னா அவருக்குக் கல்யாண வீட்டுக்குக் கிளம்புற மாதிரி. இன்னைக்கு நான் ஒருத்தியாவது சந்தோஷமா போகணும். வழிய விடு."

சாவி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது.

"வாசல்ல விட்டுட்டுத் திரும்பிடுவேன்" என்று சொல்லித்தான் வண்டியை எடுத்தான்.

படிகளில் முப்பது, நாற்பது பேர் நின்றார்கள். அம்மாவைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. அவள் சாவியை நுழைத்துத் திருகினாள். அசையவில்லை. அவன் வாங்கித் திருகினான். ம்ஹூம். முதுகில் அத்தனை கண்களும் இருந்தன. எட்டு மணியும் ஆகிவிட்டது. திறக்காவிட்டால் எல்லாரும் கலைந்துவிடுவார்கள், அம்மா இவ்வளவு பேர் முன்னால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

பின்னால் அம்மா பாட ஆரம்பித்தாள். முதலில் தனியாக, சுருதி கொஞ்சம் விலகி. ஆனால் அது ஒப்பாரி இல்லை, துதிப் பாட்டு. இரண்டாவது வரியில் இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு படி முழுக்கப் பாடியது. அவன் ஆத்திரத்தில் கதவைத் தன் பக்கம் இழுத்துச் சாவியைத் திருகினான். பூட்டு விட்டுக்கொடுத்தது.

இரண்டு கதவையும் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். பாடிக்கொண்டே உள்ளே போனவர்களில் முதல் கிழவர், ஞாயிறுதோறும் வாசலில் நிற்கும் அப்பாவுக்குக் கை கொடுத்த பழக்கத்தில் அவனுக்கும் கொடுத்தார்.

"ஸ்தோத்திரம் தம்பி."

அடுத்தவரும் கொடுத்தார். அதற்கடுத்தவரும். அவன் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தான். கடைசியாக வந்த அம்மாவும் கையை நீட்டினாள். அது சில்லென்றிருந்தது.

"ஸ்தோத்திரம்" என்றான். "உள்ள வாங்க."

அவள் முன்வரிசைக்கு நடந்தாள். அவன் கதவை விடவில்லை. தெருமுனையில் இன்னும் இரண்டு பேர் வேகமாக வந்துகொண்டிருந்தார்கள்.